மெஸ்ஸியே பிரகாசத்தின் தாடை

1957 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மெஸ்ஸியே பிரகாசத்தின் வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. இட்லியைப் பாதியாகப் பிட்டார், கால்வாசியாகப் பிட்டார், கடைசியில் கிள்ளிக் கிள்ளி உள்ளே தள்ளினார். இடது காதுக்கு முன்னால் ஆணியை வைத்து அழுத்துவது போல வலி.

“ரெண்டு மாசமா டக்கு டக்குன்னு சத்தம் வந்துச்சே, அப்பவே சொன்னேன்,” என்றாள் மனைவி வேளாங்கண்ணி.

பிரகாசம் இன்னொரு கிள்ளு இட்லியை உள்ளே தள்ளினார். பதில் சொன்னால் வலிக்கும்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த வாயை வைத்துத்தான் அவர் பிழைத்தார். பூரோவில் (ஆபீசை அவர் இன்னும் அப்படித்தான் சொல்வார்; தம்மையும் பிரெஞ்சில் ‘மெஸ்ஸியே’, அதாவது ‘ஐயா’, என்றே கூப்பிட வைத்திருந்தார்) வரும் பிரெஞ்சுக் கடுதாசிகளை உரக்கப் படித்துக் காட்டுவது அவர் உத்தியோகம். அவர் படித்தால் சாக்கடை தூர்வாரும் உத்தரவுகூடப் போர்ப் பிரகடனம் மாதிரி ஒலிக்கும். ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. அப்புறம் கடுதாசிகளும் ஒவ்வொன்றாக இங்கிலீஷுக்கு மாறின. இப்போது இங்கிலீஷில் வாய்மொழிப் பரீட்சை வைக்கிறார்கள். தேறினால் அதே நாற்காலி. தவறினால் பின்கட்டு ரிக்கார்டு அறையில், கரையான் தின்றது போக மிஞ்சிய தாள்களுக்குக் காவல்.

பிரகாசத்துக்கு அந்தப் பரீட்சையைக் கண்டு பயம் இல்லை, அதாவது வெளியில் அப்படிச் சொல்லிக்கொண்டார். அவரிடம் ஒரு வித்தை இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியார் பையன்களின் பல்லிடுக்கில் பாட்டில் கார்க்கைச் செருகி உரக்கப் படிக்க வைப்பார். கார்க்கை எடுத்ததும் வார்த்தை கணீரென்று வரும். பிரெஞ்சுக்குப் பலித்தது இங்கிலீஷுக்குப் பலிக்காதா? ஜூன் மாதத்திலிருந்து தினம் காலையில் மூன்று மணி நேரம் கார்க்கைக் கவ்விக்கொண்டு இங்கிலீஷ் படித்தார். அதிலும், சாதாரண ஒயின் கார்க்கு தம் அந்தஸ்துக்குக் குறைவு என்று ஷாம்பெயின் கார்க்காகப் பார்த்து வாங்கினார். அது தடிமன் அதிகம்.

வியாழக்கிழமை பல் டாக்டர் இராமதாஸிடம் போனார். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்கே பல் பிடுங்கியவர் என்று வாசலில் பலகை சொன்னது.

“கடவாப் பல்லுதான் மெஸ்ஸியே. வேரு காதுவரைக்கும் போயிருக்கு,” என்றார் இராமதாஸ், திறக்காத வாய்க்குள் எதையும் பார்க்காமலே.

அந்தச் சந்தில் குறடு எப்படி நுழைந்தது என்பது இராமதாஸுக்கே வெளிச்சம். ஊசி போட்டதும் பாதி முகம் வேறு யாருடையதோ ஆகிவிட்டது. பிரகாசத்துக்கு அது பிடித்திருந்தது. மூன்று மணி நேரம் கழித்து முகம் திரும்பி வந்தது, வலியையும் கூட்டிக்கொண்டு. சனிக்கிழமை பக்கத்துப் பல்லையும் எடுத்தார்கள். இரண்டும் பலாக்கொட்டை மாதிரி, ஒரு சொத்தை கிடையாது. வலி தன் இடத்தை விட்டு நகரவில்லை.

திங்கட்கிழமை வேளாங்கண்ணி அவரை முத்தியால்பேட்டைக்கு, டாக்டர் செல்வாம்பாளிடம் இழுத்துப்போனாள்.

“பொம்பள டாக்டரு,” என்றார் பிரகாசம் பல்லை விலக்காமல்.

“வலி ஆம்பளயா பொம்பளயான்னு பாத்துட்டா வருது? நடங்க.”

செல்வாம்பாள் வாய்க்குள் பார்க்கவில்லை. இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து, “மெதுவா தொறங்க சார். மூடுங்க. மறுபடி,” என்றாள். தாடை இடப்பக்கமாகக் கோணிப்போய் நின்றது.

“பல்லுல ஒண்ணுமில்ல. இங்க ஒரு மூட்டு இருக்கு. கதவுக் கீல் மாதிரி திரும்பும், கூடவே முன்னால நழுவும். நடுவுல சின்னதா ஒரு மெத்தை. அது எடம் பெசகுனா டக்குன்னு சத்தம் வரும். திரும்பி வரலன்னா இப்பிடிப் பூட்டிக்கும். வாயில எதையாவது ரொம்ப நேரம் கடிச்சிட்டிருக்கீங்களா?”

“இல்லை,” என்றார் பிரகாசம் கம்பீரமாக.

“கார்க்குங்க!” என்றாள் வேளாங்கண்ணி. “நாய் எலும்பக் கவ்வுறாப்ல, தெனம் மூணு மணி நேரம்!”

டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம் என்று பிரகாசத்துக்குத் தோன்றியது.

“இனிமே கார்க்கு கூடாது. வெத்தல பாக்கு கூடாது. கஞ்சி, கொழஞ்ச சோறு. காலைல சாயந்தரம் வெந்நித் துணி ஒத்தடம். கொட்டாவி வந்தா மோவாய்க்கட்டைய கையால தாங்கிக்கணும். ஒதடு மூடியிருக்கலாம், பல்லு ஒண்ணோடொண்ணு ஒட்டக் கூடாது. வலி பொறுக்கலன்னா ஒரு ஆஸ்பிரின். கண்ணாடி முன்னால நேரா, மெதுவாத் தொறந்து பழகணும், பலவந்தம் பண்ணாம. மாசக்கணக்கு ஆவும். ரொம்பப் பேசாதீங்க.”

“அடுத்த திங்கக்கெழம பரீச்சை.”

“அப்ப கம்மியாப் பேசுங்க.”

“பல்லு?”

“அது போனது போனதுதான் சார்.”

வரும் வழியில் அவருக்குக் கோபம் வரவேண்டும் என்று இருந்தது. வரவில்லை. அந்த வாரம் முழுவதும் கஞ்சி குடித்தார், ஒத்தடம் கொடுத்துக்கொண்டார், கடல் பக்கம் உட்கார்ந்து பல்லோடு பல் ஒட்டாமல் பார்த்துக்கொண்டார். ஆணி ஒரு மயிரிழை தளர்ந்தது. வாய் ஒன்றரை விரல் திறந்தது.

பரீட்சை எடுக்க மதராஸிலிருந்து வந்திருந்த அதிகாரி பைப்பைக் கடித்தபடியே கேள்வி கேட்டார். பிரகாசம் நாற்பது வரியில் ஒரு பிரசங்கம் மனப்பாடம் செய்திருந்தார், கையசைப்பு உட்பட. அதில் ஒரு வரிகூட அந்த ஒன்றரை விரல் சந்தில் நுழைந்து வெளியே வராது. “எஸ் சார்,” என்றார். “நோ சார்,” என்றார். “ஐ ஷல் புட் அப் த ஃபைல், சார்,” என்றார், உதட்டோடு. அதிகாரியின் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து இந்த ஊர்க்காரர்கள் வாயை அகலத் திறந்து இங்கிலீஷைப் பாடுகிறார்கள், உள்ளபடி பேசத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று இங்கிலீஷிலேயே பாராட்டினார்.

இவருக்கும் ஒருநாள் மூட்டு பிசகும் என்று பைப்பைப் பார்த்து நினைத்துக்கொண்டார் பிரகாசம். இருபத்திரண்டு வருஷம் அவர் வாயைத் திறந்ததற்கு யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. அதில் சிரிக்க ஏதோ இருந்தது. எது என்று தேடிப் பார்க்கத் தோன்றவில்லை.

பத்து நாளில் உத்தரவு வந்தது. நாற்காலி அவருக்கே. வேளாங்கண்ணி ஆட்டுக்கறி வாங்கி வந்து குழம்பு வைத்தாள். அவருக்குச் சோற்றைக் குழைத்துச் சாறு ஊற்றிக் கொடுத்துவிட்டு, எதிரே தன் தட்டோடு உட்கார்ந்தாள்.

“ஏங்க, ஒங்களுக்கு ஒரு சந்தோசமே இல்லியா?”

பிரகாசம் குழைந்த சோற்றை இன்னும் குழைத்தார்.

“தெரியல.”

“சரி, எனக்கு இருக்கு,” என்று ஒரு நல்லி எலும்பை எடுத்து உறிஞ்சினாள் வேளாங்கண்ணி.