செருப்பைத் தாண்டும் கால்

பெரிய லீக்கில் நான் ஆடிய முதல் போட்டியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். இரண்டு ஓவர், நான்கு நோபால், முப்பத்தொரு ரன். காத்தான் என்கிற என் பெயரை டி.வி.யில் 'கத்தன்' என்று கொலை செய்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. மணிக்கு நூற்று நாற்பத்தொரு கிலோமீட்டர் என்று திரையில் வந்த பந்துக்கே நடுவர் கையை நீட்டிவிட்டார். அடுத்தது ஃப்ரீ ஹிட். மட்டையாளன் அடித்த அடியில் பந்து மைதானத்துக்கு வெளியே நின்ற வேன் கூரையில் போய் விழுந்தது. அதன் பிறகு அந்த வருடம் முழுக்க எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அந்தத் தொப்பிக்காரர் ஏன்டா உன் பந்துக்கு மட்டும் கைய நீட்டிக்கிட்டே இருந்தாரு?"

"காலு கோட்டத் தாண்டிருச்சும்மா."

"தாண்டாம போட வேண்டியதுதானே?"

ஒரு வருடமாக ஊரே என்னிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க நின்றால் டீ ஆற்றுகிறவர் சொல்வார். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் சொல்வார். தாண்டாமல் போட வேண்டியது என்று எனக்குத் தெரியாதா? என் காலுக்கல்லவா தெரிய வேண்டும்.

அம்மா பெயர் செல்லக்கிளி. ஸ்ரீரங்கத்தில் ஒப்பந்தத் துப்புரவுப் பணி. ஏகாதசிக் கூட்டம் வருவதற்கு முன் வீதியோரங்களில் பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக் கோடு போடுவதும் அவள் வேலைதான். குனிந்த முதுகு நிமிராமல், நூல் பிடித்தது போல வீதி முழுக்கப் போடுவாள். அப்படிப்பட்டவளின் பிள்ளைக்குக் கோடு தெரியவில்லை என்று என் நண்பன் ஆசீர் கிண்டல் செய்வான். எங்கள் வீடு கொள்ளிடக் கரையை ஒட்டி ஒரே அறை. கொள்ளிடத்தில் வருடத்தில் சில வாரம்தான் தண்ணீர் ஓடும், மீதி நாளெல்லாம் மணல். நான் பந்து போடக் கற்றது அந்த மணலில்.

மணலில் கோடு நிற்காது. கிழித்த அடுத்த ஓவரிலேயே அழிந்துவிடும். அதனால் யாராவது ஒருவன் செருப்பைக் கழற்றி வைப்பான். அதுதான் கோடு. பேட்டிங் அணியில் சும்மா இருக்கும் ஒருவன் அம்பயராக நிற்பான். அவன் வைடு பார்ப்பான், இடுப்புக்கு மேலே வந்ததா என்று பார்ப்பான், ரன் அவுட்டுக்குச் சண்டை போடுவான். ஆனால் காலை எவனும் பார்த்ததில்லை. பத்து வருடத்தில் என் காலுக்காக ஒரு நோபால்கூட யாரும் கொடுத்ததில்லை.

அங்கிருந்து லால்குடி, மண்ணச்சநல்லூர் பக்கம் டென்னிஸ் பால் டோர்னமெண்டுகளுக்குப் போனேன். பிறகு மாவட்ட லீக்கில் ஓர் அணி கூப்பிட்டது. அங்கே நோபால் கொடுத்தார்கள்தான். ஆனால் அதற்கு ஒரு ரன் போவதோடு சரி, விக்கெட் எடுத்தால் மன்னித்துவிடுவார்கள். பிறகு ஒரு தேர்வு முகாமில் என் வேகத்தை அளந்து பார்த்துவிட்டு, மாநில அளவிலான இருபது ஓவர் லீக்கில் ஓர் அணி என்னை எடுத்துக்கொண்டது. ஹோட்டல் அறை, என் பெயர் போட்ட சட்டை எல்லாம் கிடைத்தது. அந்தச் சட்டையை அம்மா தன் கையால் துவைப்பேன் என்று அடம்பிடித்தாள்.

இரண்டாவது வருடம் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு நான் செய்த வேலை தண்ணீர் பாட்டில் தூக்குவது. ஐந்து ஆட்டங்கள் முடிந்தும் அதேதான். பக்கத்து வீட்டு நஜ்முன்னிசா அக்கா வீட்டில்தான் பெரிய டி.வி. அம்மா அங்கே போய் உட்கார்ந்து பார்ப்பாள். "பரவால்லக்கா, புள்ள ஓடி ஓடி நல்லாத் தண்ணி குடுக்குது" என்று அக்கா சொன்னாளாம். அம்மா இதைப் பெருமையாக போனில் சொன்னாள். எனக்கு போனைச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

எங்கள் பந்துவீச்சுப் பயிற்சியாளர் பீமராவ் சார் செய்யாத வித்தை இல்லை. நான் ஓடத் தொடங்கும் இடத்தை ஓர் அடி பின்னால் தள்ளினார். என் கால் கடைசி எட்டை நீட்டி வைத்து மறுபடியும் கோட்டைத் தாண்டியது. இன்னும் ஓர் அடி தள்ளினார். அதையும் தாண்டியது. சரி, கோட்டைப் பார்த்துக்கொண்டே ஓடு என்றார். ஓடினேன். கால் உள்ளேதான் விழுந்தது, ஆனால் வேகம் நூற்று முப்பத்திரண்டுக்கு இறங்கிவிட்டது.

"நூத்தி முப்பத்திரண்டுல போட எங்கிட்ட நாலு பேர் இருக்காங்கப்பா" என்றார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "நாலு நாள் கேப் இருக்கு. ஊருக்குப் போயிட்டு வா. வந்ததும் பத்து பந்து, உன் முழு வேகத்துல. ஒண்ணு தாண்டினாலும் மீதி சீசன் தண்ணி பாட்டில்தான். அடுத்த வருஷம் அதுவும் கெடையாது."

ஊருக்கு வந்த அன்றே வெறுப்பில் ஆசீரைக் கூட்டிக்கொண்டு கொள்ளிடத்தில் இறங்கினேன். அவன் வழக்கம்போல ஒற்றைச் செருப்பைக் கழற்றி வைத்தான். நான் ஓடி வந்து போட்டேன். பந்து அவன் மட்டைக்கும் காலுக்கும் நடுவில் போய் ஸ்டம்பைப் பிடுங்கியது. திரும்பிப் பார்த்தால் என் கால் தடம் செருப்புக்கு ஒரு முழம் முன்னால் கிடந்தது.

"காலு செருப்புக்குப் பின்னாடி விழற மாதிரி போடுறா பாப்போம்" என்றான் ஆசீர்.

முடியவில்லை. மூன்று முறை ஓடி வந்து மூன்று முறையும் பாதியில் நின்றுவிட்டேன். செருப்பு கண்ணில் பட்டதும் அதைத் தாண்ட உடம்பு தானாக எம்பப் பார்த்தது. அப்போதுதான் எனக்கு எட்டாம் வகுப்பில் நடந்தது நினைவுக்கு வந்தது. இதே மணலில் ஓடி வந்து செருப்பின் மேலேயே காலை வைத்து, அது வழுக்கி, கணுக்கால் பிசகி, ஒன்றரை மாதம் கட்டோடு கிடந்தேன். அன்றிலிருந்து இந்தக் கால் செருப்பைத் தாண்டித்தான் விழுகிறது. மைதானத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் என்ன, என் காலுக்கு அதுவும் செருப்புதான். பத்து வருடமாக நான் கற்றதே தப்பு என்று தெரிந்த அந்த நிமிடம் எனக்கு நிம்மதி வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

ஆனால் ஒரு வழி கிடைத்தது. எப்படியும் செருப்பைத் தாண்டத்தானே போகிறேன், செருப்பைக் கோட்டுக்கு ஒன்றரை அடி பின்னால் வைத்தால் தாண்டிய கால் கோட்டுக்குள் விழுந்துவிடும். மணலில் கோடு நிற்காது என்பதால் கரைமேல் போகும் சிமெண்ட் ரோட்டுக்கு வந்தோம். அம்மா வேலை முடிந்து வந்ததும் பிளீச்சிங் பவுடர் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னேன்.

"அது கவர்மெண்டு பவுடரு. என் வேலைக்கு உலை வெக்கப் பாக்குறியா?" என்றவள், வீட்டுக்குள் போய்க் கோலமாவு டப்பாவை எடுத்து வந்தாள். ஒரே இழுப்பில் ரோட்டின் குறுக்கே கோடு விழுந்தது. வாசலில் கிடந்த அவள் செருப்பில் ஒன்றை எடுத்துக் கோட்டுக்குப் பின்னால் வைத்தேன்.

முதல் நாள் எல்லாப் பந்தும் சரியாக விழுந்தது. அம்மா கோட்டுக்குப் பக்கத்திலேயே இடுப்பில் கை வைத்து நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்து எங்கே போனது என்று அவள் தலையைத் திருப்பவே இல்லை.

சிக்கல் இரண்டாம் நாள் வந்தது. மேட்ச்சில் செருப்பு கிடக்காது. அதை எடுத்துவிட்டு ஓடினேன். பத்தில் ஏழு தாண்டியது. ஒவ்வொன்றுக்கும் அம்மா தொப்பிக்காரரைப் போலவே கையை நீட்டினாள். ஏழாவது முறை நீட்டியபோது பந்தைத் தூக்கி ஆற்றுப் பக்கம் எறிந்தேன்.

"உனக்கு என்னம்மா தெரியும் கிரிக்கெட்டப் பத்தி? சும்மா சும்மா கைய நீட்டாதே."

"தெரியாதுதான். ஆனா கோடு தெரியும்" என்றாள். அழிந்த இடத்தில் மறுபடி மாவைத் தூவினாள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆசீர் தலையில் அடித்துக்கொண்டு பந்தைத் தேடப் போனான்.

மூன்றாம் நாளும் பாதிக்குப் பாதிதான். நான்காம் நாள் அம்மா செருப்பைத் தர மாட்டேன் என்றுவிட்டாள்.

"ரோட்டுச் சூடு தாங்கலடா, காலு வேகுது. அது அங்கதான் கெடக்குன்னு நெனச்சுக்கிட்டு ஓடு. என் செருப்பு, மிதிச்சிராதே."

நினைத்துக்கொண்டு ஓடினேன். வார் அறுந்து ஊக்கு குத்திய அந்த நீலச் செருப்பு. அன்று இருபது பந்தில் ஒன்று தாண்டியது. அந்த ஒன்றை நினைத்தே பஸ் ஏறினேன்.

பீமராவ் சார் கேட்ட பத்து பந்தில் ஒன்றும் தாண்டவில்லை. அவர் பாராட்டவும் இல்லை. "மேட்ச்ல பாப்போம்" என்றார், அவ்வளவுதான்.

திண்டுக்கல்லில் பகல் ஆட்டம். நான்காவது ஓவரை என்னிடம் கொடுத்தார்கள். ஓடினேன். நீலச் செருப்பு, தாண்டு. கால் விழுந்தது. பந்தை விட்ட கையோடு எனக்குப் பந்தும் தெரியவில்லை, மட்டையாளனும் தெரியவில்லை. திரும்பி நடுவரின் கையைப் பார்த்தேன். அது நீளுமா, நீளுமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கை அவர் பாண்ட் பாக்கெட்டிலேயே இருந்தது. அதற்குள் நாலைந்து பேர் ஓடி வந்து என் மேல் விழுந்தார்கள். எதற்கு விழுகிறார்கள் என்றே புரியவில்லை. அந்தப் பக்கம் நடு ஸ்டம்ப் சாய்ந்து கிடந்தது. நூற்று நாற்பது என்று பலகையில் போட்டார்கள். பெரிய திரையில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அது வேறு யாரோ எடுத்த விக்கெட் போல இருந்தது. இத்தனை வருடம் காத்திருந்து இந்த லீக்கில் எடுத்த முதல் விக்கெட்டைக் கண்ணால் பார்க்கவில்லையே என்று எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது.

மூன்று ஓவர் போட்டேன், ஒரு நோபாலும் இல்லை. ஆட்டம் முடிந்து போன் கைக்கு வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஒண்ணுகூடத் தாண்டலடா" என்றாள். "அந்த ஆளு ஒரு தடவகூட உனக்குக் கைய நீட்டல."

"விக்கெட் எடுத்தேனே, பாத்தியாம்மா?"

"விக்கெட்டா? எப்போ?"

"முதல் பந்துலயே. எல்லாரும் கத்தியிருப்பாங்களே."

"கத்துனாங்கதான். நோபால் இல்லன்னுதான் கத்துறாங்கன்னு நெனச்சேன். நான் உன் காலத்தானடா பாத்துக்கிட்டு இருந்தேன்."

நானும் பார்க்கவில்லை என்று அவளிடம் சொன்னேன்.