ஓட்டை இல்லாத பொத்தான்

வக்கீலின் வெள்ளைச் சட்டை முதுகில், சரியாக நடுவில், இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பழுப்பாகப் பதிந்திருந்தது. தீய்ந்த வாடை கடை முழுக்க ஏறியது. சட்டைக் காலர்களுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்த பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். வயிற்றுக்குள் யாரோ ஒரு கை சர்க்கரையை அள்ளிப் போட்டது போல இருந்தது அவளுக்கு.

"சின்னவளா? சின்னவளா தீய்ச்சா?" முன்பக்கம் துணிக்குச் சீட்டு கட்டிக்கொண்டிருந்த மாமியார் எழுந்தே வந்துவிட்டாள்.

"கை நடுங்கிடுச்சு அத்தை. எப்படின்னே தெரியல."

"கண்ணு பட்டிருக்கு. எந்தக் கொள்ளிக்கண்ணோ!"

பெரியவள் அவசரமாகக் கஞ்சிப் பாத்திரத்துக்குள் குனிந்துகொண்டாள்.

கீழே சலவைக் கடை, மேலே வீடு. அண்ணனும் தம்பியும் துவைப்பு இயந்திரங்களோடு மல்லுக்கட்டுவார்கள். அவர்கள் பெண்டாட்டிமார் இரண்டு பேரும் எதிரெதிர் மேஜையில் இஸ்திரி போடுவார்கள். பெரியவள் வந்து பதினைந்து வருஷம். சின்னவள் வந்து ஒன்பது. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் மூட்டையை இறக்கும்போதே, "சின்னம்மா கையால தேய்ச்சுக் குடுத்துடுங்க" என்பார்கள். பெரியவள் அங்கேதான் நின்றுகொண்டிருப்பாள், அவளை ஒரு கம்பம் மாதிரி பார்த்துவிட்டுப் போவார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது சின்னவளின் தூக்கம்.

பெரியவளுக்கு நாலு வருஷமாகத் தூக்கம் என்பது ஊரார் வீட்டுக் கல்யாணம், கேள்விப்படுவதோடு சரி. விடிந்ததும் எரிகிற கண்ணோடு போய்ச் சின்னவள் கதவைத் தட்டினால், பத்தாவது தட்டுக்குத்தான் பதில் வரும். கதவைத் திறந்துகொண்டு வருவாள் மகராசி, கன்னத்தில் தலையணை மடிப்போடு, கழுவி வைத்த பீங்கான் தட்டு மாதிரி முகத்தோடு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வயிற்றில் இருந்த ஆறு மாதக் குழந்தையைப் பறிகொடுத்தவள் இவள். அழுது தீர்க்க வேண்டியவள் தூங்குகிறாள். எதையும் பறிகொடுக்காத நான் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறேன். என்ன நியாயம் இது?

போதாக்குறைக்கு மாமியார் வேறு. "படுத்தா தூங்கணும், எழுந்தா வேலை பார்க்கணும். மனசு சுத்தமா இருந்தா தூக்கம் தானா வரும். சின்னவளைப் பாரு."

அந்த 'மனசு சுத்தம்' தான் முள்ளாகத் தைத்தது.

பதினோரு நாளைக்கு முன்னால், சின்னவள் குளிக்கப் போயிருந்த நேரம். ஒரு சட்டைக்குப் பொத்தான் குறைந்தது. பெரியவள் சின்னவளின் பொத்தான் டப்பாவைத் திறந்து கையை விட்டாள். வெள்ளைப் பொத்தான்களை மேஜையில் கொட்டிப் பார்த்தாள். அதில் ஒரு பொத்தானுக்கு மட்டும் ஓட்டை இல்லை.

டப்பாவின் அடியில் ஒரு பிளாஸ்டிக் பொட்டலம். அதற்குள் அதே போல இன்னும் இருபத்தொன்பது. கூடவே நாலாக மடித்த டாக்டர் சீட்டு. 'படுக்கும் முன் ஒன்று. பதினைந்து நாட்கள் மட்டும்.' தேதி இரண்டு வருஷம் பழையது.

அட கள்ளி! தூக்க மாத்திரையா உன் மனசு சுத்தம்? மருந்துக் கடைக்காரனைக் கெஞ்சிக் கெஞ்சி வாங்கி, அட்டையிலிருந்து பிதுக்கி, பொத்தானோடு பொத்தானாக ஒளித்து வைத்திருக்கிறாள். சத்தம் போட்டு எல்லாரையும் கூப்பிடலாமா என்று பெரியவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். சொல்லிவிட்டால் சின்னவளுக்குப் பரிதாபம் கிடைக்கும். ஏற்கெனவே அவளுக்குக் கிடைப்பதெல்லாம் போதாதா?

சர்க்கரை வியாதிக்கார மாமியார் டீயில் போட்டுக்கொள்கிற இனிப்பு மாத்திரை அலமாரியில் இருந்தது. குட்டி வெள்ளை வட்டம். கிட்டத்தட்ட அதே அளவு. குளியலறையில் தண்ணீர் நிற்பதற்குள் முப்பதும் இடம் மாறிவிட்டன. நிஜ மாத்திரைகள் பெரியவளின் தீப்பெட்டிக்குள் போயின.

அன்றைக்குப் பெரியவள் தூங்கினாள். கிணற்றில் கல் விழுகிற மாதிரி.

இரண்டாம் நாளிலிருந்தே சின்னவளின் கண்ணுக்குக் கீழே கருமை கட்டியது. பெரியவளுக்குத் தலைக்குள் பஞ்சு அடைத்தது போல மந்தம், டாக்டர் வீட்டுப் போர்வையை டீச்சர் வீட்டு மூட்டையில் கட்டினாள், படியில் இரண்டு முறை கால் பிசகியது. அடுப்பில் பால் வைத்ததே ஒருநாள் நினைவில்லை. ஆனால் மாமியார் சொன்னாளே, "பெரியவ முகத்துல இப்பதான் ஒரு தெளிவு வந்திருக்கு." அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை படி வேண்டுமானாலும் உருளலாம்.

சட்டை தீய்ந்த அன்று மத்தியானம், சின்னவள் மேஜையைச் சுற்றி வந்து பக்கத்தில் நின்றாள். நெற்றி முழுக்க வேர்வை.

"அக்கா, உங்களுக்கு விளக்கு வெளிச்சம் குத்துதா?"

"இல்லியே."

"எனக்குக் குத்துது. துணி மடிக்கற சத்தம்கூட மண்டைக்குள்ள கேக்குது." கொஞ்சம் தயங்கினாள். "நீங்க நல்லா தூங்கறீங்களாக்கா?"

"எனக்கென்ன? மனசு சுத்தம்" என்றாள் பெரியவள். சொல்லும்போது நாக்கு தித்தித்தது.

சின்னவள் அவளையே ஒரு நொடி பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், லேசாகச் சிரித்துவிட்டுத் தன் மேஜைக்குத் திரும்பினாள். பெட்டியை எடுத்தாள். தலையணை உறை ஒன்றை விரித்தாள்.

முதலில் விழுந்தது இஸ்திரிப் பெட்டி. அப்புறம் அவள்.

பெரியவள் திரும்பியபோது சின்னவளின் உடம்பு தரையில் வில்லாக வளைந்து வெட்டி வெட்டி இழுத்தது. பற்கள் கிட்டிப்போய், வாயோரம் நுரை. கொதிக்கிற பெட்டி அவள் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. பெரியவள் பாய்ந்து அதைத் தள்ளினாள். உள்ளங்கை பொசுங்கியது, அப்போது தெரியவில்லை.

"சாவியைக் குடுங்க, கையில இரும்பைக் குடுங்க" என்று மாமியார் அலறினாள். தம்பிக்காரன் ஈரக் கையோடு ஓடிவந்தான்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு இழுப்பை நிறுத்தினார்கள். கண்ணாடி போட்ட டாக்டரம்மா திரைக்கு வெளியே வந்தார்.

"இதுக்கு முன்னாடி வலிப்பு வந்திருக்கா?"

"ஒரு தும்மல்கூட வந்ததில்ல டாக்டர்" என்றான் தம்பி.

"ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. காரணம் தெரியலன்னா மறுபடி வரும். அடுத்த தடவை நிக்காமலும் போகலாம்."

தம்பி உதட்டைப் பிதுக்கினான். மாமியார் கையைப் பிசைந்தாள். திரைக்குப் பின்னால் கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது.

பெரியவள் இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள்.

"இது. ரெண்டு வருஷமா. பதினோரு நாளா இல்ல."

டாக்டரம்மா ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "யார் நிறுத்தினது?"

"நான்தான். எடுத்துட்டு, இனிப்பு மாத்திரைய வச்சேன்."

"படிச்சுப் படிச்சுச் சொல்றோம், யாரும் கேக்கறதில்ல! பழக்கத்தை விட வைக்கணும்னா இப்படியாம்மா? உடம்பு இதுக்குப் பழகிடுச்சு. திடீர்னு பிடுங்கினா இப்படித்தான் ஆகும். கொஞ்சம் கொஞ்சமா, மாசக்கணக்குல குறைக்கணும். நல்லது செய்யறேன்னு ஆளையே கொன்னிருப்பீங்க."

நல்லது. அந்த வார்த்தை கொடியிலிருந்து துணி விழுகிற மாதிரி வந்து அவளை மூடியது. மாமியார் அவள் தோளைப் பற்றிக்கொண்டு விம்மினாள். "கூடப்பொறந்தவகூட இவ்வளவு கவனிக்க மாட்டா." பெரியவள் வாயைத் திறந்தாள். இந்த முறையும் மூடிக்கொண்டாள்.

தீப்பெட்டியில் பதினைந்துதான் இருந்தன. ஒரு நாளைக்கு ஒன்று என்றால் பத்தொன்பது இருக்க வேண்டும். அந்த நாலை எப்போது விழுங்கினாள் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் சின்னவள் வீட்டுக்கு வந்தாள். மாத்திரைப் பொறுப்பு பெரியவளுக்கு என்று டாக்டரம்மாவே சொல்லி அனுப்பியிருந்தார். இனி பாதி பாதியாக. மூடிய கடையில், இஸ்திரி மேஜைக்கு எதிரெதிரே இருவரும் உட்கார்ந்தார்கள்.

"நாலாவது நாளே தெரியும்க்கா" என்றாள் சின்னவள், பாதி மூடிய கண்ணோடு. "மாத்திரை நாக்குல இனிச்சுது."

பெரியவளின் கட்டுப் போட்ட கை அப்படியே நின்றது.

"உங்களத் தவிர யாரு என் டப்பாவத் தொடுவா? கேக்கலாம்னு வந்தேன், கேட்டா நிறுத்திடுவீங்களோன்னு கேக்கல. மருந்துக் கடைக்கும் போகல. எனக்காக ஒருத்தி இவ்வளவு பாடுபடறா, நாமளும் பல்லைக் கடிச்சுப் பார்ப்போமேன்னு..." கண்ணீர் வழிந்ததைத் துடைக்கவில்லை. "எங்கம்மாகூட இப்படிச் செஞ்சிருக்க மாட்டாக்கா."

இதிலும் நீதான் நல்லவள், இல்லையா? பெரியவளின் நெஞ்சு கொதித்தது. அவள் மூன்று நாளாகத் தூங்கவில்லை. காதுக்குள் ஏதோ வண்டு இடைவிடாமல் ரீங்காரமிட்டது.

கத்தரியின் நுனியால் மாத்திரையை அழுத்தினாள். டக்கென்று உடைந்தது. மேஜை விரிப்பின் மேல், வக்கீல் சட்டையோடு சேர்ந்து கருகிய தடத்துக்குப் பக்கத்தில், இரண்டு வெள்ளைத் துண்டுகள். சரிபாதியாக இல்லை. ஒன்று கொஞ்சம் பெரியது.

சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை நீட்டினாள்.