மருந்து குடிச்சவரோ?

சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலம். அக்கராயனில் வயலுக்குப் பூச்சிமருந்தடித்த வீரையா வரம்பிலேயே சுருண்டு விழுந்து, ஆசுபத்திரியில் கிடந்து பிழைத்து வந்த கிழமை, அவன் வீட்டுப் படலையில் ஒரு ஜீப் வந்து நின்றது. மாவட்டச் சுகாதாரத்துக்கே பெரியவவான டொக்டர் கமலாம்பிகை இறங்கினா.

இவ்வளவு பெரிய ஆள் கூலிக்காரன் வீட்டுக்குச் சும்மா வருவாவோ, பிள்ளையள்? மனைவி சிவலட்சுமி முற்றத்துக்கு ஓடி வந்தாள். வீரையா சாகத்தான் அந்த மருந்தைக் குடித்தானென்று ஊர் ஏற்கெனவே குசுகுசுத்தது. மகளுக்குப் பேசி வந்த சம்பந்தமும் அதனால் ஆடிக்கொண்டிருந்தது.

“மருந்து குடிச்சவரோ?” என்று டொக்டர் கேட்டா.

“எங்காளு மருந்து குடிக்கிற ஆளு இல்லீங்க! பொலிசுக்குச் சொல்லத்தானே வந்தீங்க?”

“ஐயோ தங்கச்சி, ஆசுபத்திரியில குடுத்த பாணி மருந்தைக் கேட்டனான்.”

டொக்டரின் பார்வை திண்ணையோரம் கிடந்த மெசினுக்குப் போனது. சிவலட்சுமி நம்பவில்லை. “அப்ப எதுக்குங்க மருந்தடிக்கிற மெசினைப் பாக்குறீங்க?”

“குழாய் அடைச்சா வாயால ஊதுறவரோ எண்டு அறியத்தான். நான் ஆசுபத்திரிக் கதிரையை விட்டிட்டு வயல்வயலாத் திரியிறதும் இதுக்குத்தான்.”

“ஊதுவாரு. எல்லாரும் ஊதுறதுதானே?”

“அப்பிடித்தான் நஞ்சு உள்ளுக்குப் போனது. அவர் குடிக்கேல்லை.”

வேலிக்கு மேலால் அயலாரின் தலைகள் தெரிந்தன.

“அதை இன்னொருக்கா உரத்துச் சொல்லுங்கம்மா,” என்றாள் சிவலட்சுமி.