போடாத பந்துக்கு ஒரு தோல்வி

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சான் பெத்ரோ பேஸ்பால் ஸ்டேடியத்தில், போலோவைப் பார்ப்பதற்கென்றே மெக்ஸிகோ கிளப் ஒன்றின் ஆள் வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் போலோவுக்குக் கோடைக்கு வேலை உண்டு. இல்லையென்றால் மச்சினனின் மோட்டார் சைக்கிளில் சவாரி ஏற்ற வேண்டியதுதான். முப்பத்தேழு வயது இடக்கைப் பந்துவீச்சாளனை வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்? பனாமா, நிகராகுவா, தைவான் என்று சுற்றியவன். எந்த ஊரிலும் அவனை முதல் பந்து போட விட்டதில்லை. ஆட்டத்தின் நடுவில் இறக்கி, உடனே எடுத்துவிடுவார்கள்.

நான் கொட்டடியில் பந்து பிடிப்பவன். மாற்றுப் பந்துவீச்சாளர்கள் கையைச் சூடேற்றும் கம்பிவலை இடத்துக்கு நாங்கள் வைத்த பெயர் கொட்டடி. எங்கள் மேனேஜர் எலாதியோவுக்குப் போலோ ஒரு பூச்சாண்டி. எதிரணியின் இடக்கை மட்டையாளன் எழுந்தால் கொட்டடி போன் அடிக்கும், போலோ வீச ஆரம்பிப்பான். இடக்கையன் வீசினால் இடக்கையனுக்கு அடிக்க வராது என்று அவர்கள் தங்கள் ஆளை உட்கார வைப்பார்கள். உடனே எலாதியோ போலோவையும் உட்காரச் சொல்வார். கேடுகெட்ட தந்திரம், ஆனால் பலித்தது. அன்றும் மதியம் முழுக்க இதே கூத்துதான்.

"மெதுவாப் போடுடா, கை காலியாயிடும்," என்றேன்.

"மெதுவாப் போட்டா சூடு ஏறாது சாந்தோ. கூப்பிட்டா ரெடியா இருக்கணும்ல. இன்னிக்கு விட்டா எனக்கு மோட்டார் சைக்கிள்தான்."

கடைசி இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ரன் முன்னால். இன்னும் ஒருவனை வீழ்த்தினால் போதும். ஆனால் ரன்னுக்குப் பாதி வழியில், இரண்டாவது பேஸில், அவர்கள் ஆள் நிற்கிறான், இடக்கையன் ஒருவன் மட்டையோடு வருகிறான். போன் அடித்தது. போலோ சிலுவைக் குறி போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினான்.

அவன் பந்துவீசும் மேட்டில் ஏறியதும் எதிரணி ஆளை மாற்றியது. வந்தவன் வலக்கை முரடன், பந்தை மைதானத்துக்கு வெளியே தூக்கி அடிப்பவன். எலாதியோ அம்பயரிடம் நாலு விரலைக் காட்டினார். முரடனை அடிக்க விடாமல் சும்மாவே முதல் பேஸுக்கு அனுப்புகிறாராம். அதற்கு இப்போதெல்லாம் பந்தே போட வேண்டாம், விரல் போதும். இறங்கியவன் ஒரு மட்டையாளனையாவது சந்திக்காமல் அவனை எடுக்கக் கூடாது என்பது சட்டம்; இதோடு போலோ ஒருவனைச் சந்தித்தாயிற்று. எலாதியோ மேட்டுக்கு வந்து கையை நீட்டினார். போலோ பந்தைக் கொடுத்துவிட்டு நடந்தான்.

"என்ன பெருசு, வந்ததும் கெளம்பிட்ட? குளிக்க அவ்ளோ அவசரமா?" என்று கூட்டத்திலிருந்து எவனோ கத்தினான்.

அடுத்த மட்டையாளனுக்கு அடிக்கவே தெரியாது என்பது எலாதியோவின் கணக்கு. அவன், போலோவுக்குப் பதில் இறங்கிய பையனின் பந்தைச் சுவரில் மோத அடித்தான். பேஸில் நின்ற இருவரும் ஓடி வந்து இரண்டு ரன் எடுத்துவிட்டார்கள். எங்களால் திருப்பி அடிக்க முடியவில்லை. வெற்றி ரன் எடுத்த முரடன் போலோ அனுப்பியவன் என்பதால் ஸ்கோர் புத்தகத்தில் தோல்வியும் போலோ பேரில் ஏறியது.

வாசலில் மெக்ஸிகோக்காரரை மறித்தேன். சின்ன வயசு, நல்ல மனுஷன்.

"சார், அவன் பந்தே போடல. ஒரு அஞ்சு நிமிஷம் கொட்டடிக்கு வந்து பாருங்க."

வந்தார். போலோ வீசினான். பந்து எனக்கு முன்னால் மண்ணில் விழுந்தது. அடுத்தது மிதந்து வந்தது, என் மகள்கூட அடித்திருப்பாள். அன்று அவன் கையில் இருந்த நல்ல பந்தெல்லாம் ஏற்கெனவே என் கையுறைக்குள் போய்விட்டன. பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

"நல்லா ரெஸ்ட் எடுங்கண்ணே," என்றார் அவர். அணிக்கு எடுத்துக்கொள்ளப் போகிறவனை யாரும் அண்ணே என்று கூப்பிடுவதில்லை.

"அவர் போயிட்டாருடா," என்றேன்.

போலோவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். இருந்தாலும் தோளை உதறிக்கொண்டு நின்றான்.

"பிடி சாந்தோ. இப்பத்தான் சூடு ஏறுது."