ஆடிய படம்

அவளுக்குக் கொக்கு என்று பெயர் வைத்தது நாத்தனார்தான். கல்யாணமான புதிதில், குளத்தோரத்தில் ஒரு மீன்கொத்தியைப் படமெடுக்க, மோனோபாட் என்ற ஒற்றைக்கால் தாங்கியில் கேமராவை ஊன்றிக்கொண்டு அண்ணி மத்தியானம் முழுக்க அசையாமல் நின்றதைப் பார்த்துவிட்டு, "அண்ணனுக்குப் பொண்ணு பாருங்கன்னா கொக்கைப் பிடிச்சுக் கட்டி வச்சிருக்காங்க" என்று வீடு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. மாமியாரே கூப்பிட ஆரம்பித்த பிறகு மறுத்துப் பேச என்ன இருக்கிறது?

பின்னாளில் நாத்தனார் கட்டட இன்ஜினியர் ஆனாள். கொக்கு தூரத்துப் படங்களுக்குப் பேர் போனவளானாள். அதனால்தான் மூடிக் கிடந்த ஆலையின் புகைபோக்கியில் விரிசல் விட்டிருக்கிறது, அதை இடிப்பதா விடுவதா என்று பார்க்கும் வேலை வந்தபோது, நாத்தனார் முதலில் தேடியது அண்ணியைத்தான்.

"ஏறிப் பார்க்க முடியாது அண்ணி, ஏணியே உளுத்துக் கிடக்கு. வாரம் ஒரு தடவை, ஒரே இடத்துல நின்னு, ஒரே அளவுல படம் வேணும். தலைமுடி மொத்தத்துக்கு விரிசல் வளர்ந்தாலும் எனக்குத் தெரியணும்."

தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு இருந்தது. அதன் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் புகைபோக்கி நேருக்கு நேர். கீழே வாட்ச்மேனிடம் சாவியை வாங்கிக்கொண்டு கொக்கு மேலே போனாள். ட்ரைபாடின் கால்களை நன்றாக அகட்டி வைத்தாள். நடுத்தண்டை உயர்த்தவில்லை, ஆடாமலிருக்க அதன் கொக்கியில் கனமான கேமரா பையை மாட்டிவிட்டாள். அவ்வளவு நீளமான ஜூமில் விரலால் பொத்தானைத் தொட்டாலே படம் ஆடிவிடும் என்பதால் டைமரை வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். திரையில் ஒரு செங்கல்லும் அதன் குறுக்கே ஓடிய விரிசலும் கல்லில் செதுக்கியது போலத் தெரிந்தன.

அப்புறம் செங்கல் ஒருமுறை துள்ளியது.

நின்றது. மறுபடி துள்ளியது. யாராவது தளத்தில் நடந்தால்தான் படம் அப்படி ஆடும். வாட்ச்மேன்தான் என்று நினைத்து, "கொஞ்சம் அப்படியே நில்லுங்க அண்ணே" என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள். யாருமில்லை. படிக்கட்டுக் கதவு சாத்தியது சாத்தியபடி இருந்தது. திரையிலோ துள்ளல் நிற்கவில்லை. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றுப் பலமாக, ஒரே சீராக, அவசரமில்லாமல் வந்தது. கதவிலிருந்து கிளம்பி அவளை நோக்கி யாரோ நடந்து வருகிற கணக்கு. கடைசித் துள்ளலில் செங்கல் திரையை விட்டே போய்த் திரும்பி வந்தது. பிறகு எல்லாம் அடங்கியது. வந்தவர் பக்கத்தில் நின்றுவிட்ட மாதிரி.

மத்தியான வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அவள் கட்டிய கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாம் முறை நாத்தனாரைக் கையோடு கூட்டிப்போனாள். திரையில் செங்கல் துள்ளியதைப் பார்த்ததும் நாத்தனார் சிரித்தாள்.

"பேயாம் பிசாசாம்! கீழ் வீட்டுல தையல் மெஷின் ஓடுது, காதுல விழலையா? அதோட அதிர்வு தளத்துல ஏறுது."

இருவரும் இறங்கிப்போய் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கழுத்தில் அளவு நாடா தொங்க ஒரு தையல்காரி கதவைத் திறந்தாள். அவளும் படுக்கையில் கிடக்கும் அவளுடைய அப்பாவும் மட்டும்தான் அந்த வீட்டில். விஷயத்தைச் சொன்னதும், "அதுக்கென்ன, நீங்க எடுத்து முடிக்கிறவரைக்கும் நிறுத்தி வைக்கிறேன்" என்றாள் தங்கமாக.

மெஷின் நின்றது. மேலே போய்ப் பார்த்தார்கள். செங்கல் துள்ளியது. கதவிலிருந்து வந்தது, அவர்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. நாத்தனார் தன்னையறியாமல் ஓரடி தள்ளி நின்று இடம் விட்டாள்.  

புகைபோக்கியின் அடிப்பாகத்தையும் படமெடுக்க வேண்டியிருந்தது. ஆலைக்குள் உடைந்த செங்கல்லும் கம்பியும் குவியலாய்க் கிடந்தன. ட்ரைபாடுக்குக் கால் வைக்க இடமில்லை. கொக்கு மோனோபாடில் கேமராவைப் பொருத்தி, அதைத் தன் காலோடு அணைத்து ஊன்றி, மூச்சைப் பாதி விட்டு எடுத்தாள். வேலை முடிந்ததும் மனசு கேட்கவில்லை. லென்ஸை மெல்ல உயர்த்தி எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடியைப் பார்த்தாள்.

கைப்பிடிச் சுவரோரம் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, ஒட்டிய கன்னம். அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணை எடுக்காமலே வாட்ச்மேனுக்குப் போன் போட்டாள். "மாடியில யாருண்ணே நிக்கிறாங்க?"

"யாரும்மா நிப்பாங்க? பூட்டு போட்டிருக்கு, சாவி என் இடுப்புல இருக்கு."

அவளுக்குக் கை நடுங்கியது. நடுக்கத்தோடே பொத்தானை அமுக்கினாள். மறுபடி பார்த்தபோது சுவரோரம் காலியாக இருந்தது.

படம் நன்றாக ஆடியிருந்தது. சுவர், தண்ணீர்த் தொட்டி, கொடியில் காய்ந்த துணி எல்லாம் சாய்வாக இழுபட்டு ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. அந்தக் குழப்பத்தின் நடுவில் பெரியவர் மட்டும் அப்படியே தெளிவாக நின்றார். சட்டைப் பொத்தானின் துளைகளை எண்ணலாம்.

வீட்டுக்கு வந்து அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள் நாத்தனார். பிறகு, "இது எப்படி அண்ணி? கேமரா ஆடினா எல்லாம்தானே ஆடணும்?" என்றாள்.

"ஆடணும். ஒரு ஆள் மட்டும் தெளிவா விழணும்னா ஒரே வழிதான் இருக்கு." கொக்கு தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "என் கை எப்படி ஆடிச்சோ அப்படியே, அதே நேரத்துல, அதே திசையில அவரும் ஆடியிருக்கணும்."

மறுநாள் இருவரும் படத்தை எடுத்துக்கொண்டு தையல்காரியிடம் போனார்கள். அவள் பார்த்தாள். கையிலிருந்த துணி நழுவி விழுந்தது.

"இது எங்கப்பா. இந்தச் சட்டையை நான்தான் தச்சேன்." துணியை எடுக்கக் குனிந்தவள் பாதியில் நிமிர்ந்தாள். "ஆனா அவர் எழுந்து நின்னு வருஷக்கணக்காச்சு. முதுகுத்தண்டுல அடிபட்டு இடுப்புக்குக் கீழே எதுவுமே வேலை செய்யாது. அதுக்கு முன்னாடி தினமும் சாப்பிட்டதும் மொட்டைமாடியில நடப்பார். இப்பவும் மத்தியானம் தூங்கும்போது மட்டும் கால் அசையும். நரம்பு இழுக்குதுன்னு டாக்டர் சொன்னார்."

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "படத்தை இங்க கொண்டாம்மா."

பெரியவர் தலையணையில் சாய்ந்து கிடந்தார். படத்தை முகத்தருகே பிடித்துப் பார்த்தார். அவருக்குச் சந்தோஷம்.

"நல்லா விழுந்திருக்கேன்" என்றார். "உன் கை ரொம்ப ஆடிச்சும்மா. நானும் கூடவே ஆடினேன். இல்லாட்டி என் மூஞ்சி தெரிஞ்சிருக்காதே."

தையல்காரி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொக்கு என்ன நினைத்தாளோ, அவர் கையைப் பிடித்தாள். சாதாரணக் கைதான், வெதுவெதுப்பாக இருந்தது. பயம் பாதி போய்விட்டது. ஒரு மனுஷர் தான் நடந்த இடத்தில் நடந்துவிட்டுப் போகிறார், நமக்கு என்ன கெட்டுப்போயிற்று என்று நாத்தனாரிடம் சொல்லிக்கொண்டே படியிறங்கினாள்.

எனவே கடைசி வாரம் தனியாகத்தான் போனாள். அன்று காற்று ஆளைத் தள்ளியது. கொடித் துணிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. ட்ரைபாடை நிறுத்திவிட்டு, வழக்கமான காலடிக்காகக் கொஞ்சம் ஒதுங்கியே நின்றாள். வரவில்லை. படம் படமாக எடுத்தாள். செங்கல் துளியும் அசையவில்லை. அதில் அவளுக்கு ஒரு ஏமாற்றம்கூட இருந்தது.

சாமான்களைக் கட்டிக்கொண்டு இறங்கும்போது தையல்காரி வாசலில் காத்திருந்தாள். "அப்பா உங்களைப் பார்க்கணும்னார்."

பெரியவர் விழித்துத்தான் இருந்தார். முகம் வாடியிருந்தது.

"இன்னைக்கு நீங்க வரலையே" என்றாள் கொக்கு, உறவுக்காரரிடம் கேட்பது போல.

"வந்தேனே. கதவுகிட்டயே நின்னுட்டுத் திரும்பிட்டேன். உன் பக்கத்துல இடமில்ல."

"நான் தனியாத்தான் இருந்தேன், ஐயா."

"அந்த ஆளு கேமராவை ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரே. உன் ஆளுன்னு நினைச்சேன்." அவர் அவளைப் பார்த்துப் பேசவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், வாசல் நிலையைப் பார்த்துப் பேசினார். "எனக்குத் தெரிஞ்சவர் இல்ல. நான் கூப்பிட்டேன், திரும்பவே இல்ல."

தையல்காரியைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் கொக்கு தெருவரைக்கும் வந்தாள்.

சாயங்காலம் படங்களைப் பார்த்த நாத்தனார் துள்ளிக் குதித்தாள். அத்தனை நாளில் இவ்வளவு சுத்தமான படம் வந்ததில்லை, இந்தக் காற்றில் இது எப்படிச் சாத்தியம் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். கொக்கு நடந்ததைச் சொன்னாள். நாத்தனார் மடிக்கணினியை மூடி, அதைத் தள்ளி வைத்தாள்.

புகைபோக்கியை இடித்தாக வேண்டும் என்று முடிவானது. இடிக்கும் நாளன்று அதே மொட்டைமாடியிலிருந்து படமெடுக்க நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள். கொக்கு வேறொருவரைக் கைகாட்டிவிட்டு, அன்று முழுவதும் வீட்டில் மாமியாரோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். தூரத்தில் சரிந்து விழுகிற சத்தம் கேட்டபோது மட்டும் ஒருமுறை நிமிர்ந்து, தன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.