பனிக்குள் ஓடியவன்

"பூட்ஸ் லேஸ் கட்டலக்கா!"

"ஓடிக்கிட்டே கட்டு!"

ஓடிக்கொண்டே எப்படிக் கட்டுவது என்று அவன் யோசித்து முடிப்பதற்குள், உடைமாற்றும் அறையிலிருந்து மைதானத்தின் இடது கோட்டோரம் வரை அவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்திவிட்டாள் அவள். காலை ரயிலில் வந்து இறங்கியவன். பழைய அணியில் அவனுக்கு வெண்ணெய் என்று பட்டப்பெயர். எதிராளி பிடிக்கப் பிடிக்க வழுக்கிக்கொண்டு போவானாம்.

அவள் பெயர் கழுகு. ஊர் ஊராகப் போய் ஆட்டம் பார்த்து, இவனை எடுக்கலாம், அவனை விட்டுவிடலாம் என்று அணிக்குச் சொல்வதுதான் அவள் வேலை. அவள் சொல்லி எடுத்தவன் சோடை போனதில்லை. அந்தக் கண்ணுக்காக வந்த பெயர் அது.

"எங்கே, அந்த ஓட்டத்தை ஓடு. அன்னிக்குப் பனியில ஓடினியே. கோட்டோரமா வந்து, சட்டுன்னு நின்னு, குதிகாலால பந்தை உள்ளே இழுத்து..."

"எந்த ஓட்டம்க்கா?"

"விளையாடாத."

"விளையாடத்தானே கூட்டிட்டு வந்தீங்க?"

அவள் முறைத்தாள். அவன் பந்தை உருட்டிக்கொண்டு ஓடினான். நன்றாகவே ஓடினான். கால் சுத்தம், மூச்சு சுத்தம். கோட்டின் முனையில் நின்று, குதிகாலால் பந்தை இழுத்து, திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான், கணக்குப் போட்டுவிட்டு டீச்சர் முகத்தைப் பார்க்கிற மாதிரி.

காலையிலிருந்து இதே கதைதான். எல்லாம் சரியாக இருக்கிறது. அது மட்டும் இல்லை.

"அன்னிக்கு என்ன பண்ணினேன்னே எனக்கு ஞாபகம் இல்லக்கா. ஒரே பனி. பந்தே என் பக்கம் வந்த மாதிரி தெரியல." அவன் குனிந்து லேஸைக் கட்டினான். "பிடிக்கலைன்னா சொல்லிடுங்க. நாளைக்கு ரயில்ல போயிடறேன். எங்கம்மா என் படுக்கையை இன்னும் சுருட்டி வச்சிருக்காது."

அந்த ஓட்டம் அவள் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வந்தது. பல் தேய்க்கும்போது கண்ணாடியில் வந்தது.

சென்ற மாதம், எதிரணியின் ஊரில் கழுகின் அணிக்கு ஆட்டம். பனியில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் ஆட்டம் தொடங்கி வெகு நேரம் ஆகியிருந்தது. வாசலில் இருந்த காவலாளி, "இன்னும் இடைவேளை விடலம்மா, சீக்கிரம் போங்க" என்று விரட்டினார். உள்ளே மைதானம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. பால் கொட்டிப் பரப்பியது போல வெள்ளை. உதைக்கிற சத்தம் மட்டும் ஏதோ அடுத்த வீட்டு மாடியிலிருந்து கேட்பதுபோலக் கேட்டது. நீல ஜெர்சியும் பச்சை ஜெர்சியும் நனைந்து ஒரே சாம்பல் நிறம். கோட்டோரம் கைகட்டி நின்றாள்.

அப்போதுதான் வந்தான்.

முகம் இல்லை. ஓர் உருவம், முன்னால் ஒரு பந்து. அவள் புடவை முந்தானையைத் தொட்டுவிடும் தூரத்தில் கடந்தான். பனிக்குள்ளிருந்து ஒருவன் பாய்ந்தான், ஏமாந்தான். இன்னொருவன் பாய்ந்தான், அவனும் ஏமாந்தான். மூன்றாமவன் வருவதற்குள் சட்டென்று நின்றான். அந்த நிற்பு! தூங்குகிற பிள்ளையின் தலைக்கு அடியிலிருந்து கையை உருவுகிறவர்கள் அப்படித்தான் ஒரு கணம் நிற்பார்கள். குதிகால் பந்தை உள்ளே இழுத்தது. உருவம் மைதானத்தின் ஒரு கோடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கரைந்தது. பிறகு, எங்கோ, கோல் கம்பத்தில் பந்து பட்ட சத்தம். டங்.

அவ்வளவுதான். கைதட்ட ஒருவரும் இல்லை, பார்த்தவர் இருந்தால்தானே. கொஞ்ச நேரத்தில் நடுவர் ஊதி, பந்தே தெரியவில்லை என்று ஆட்டத்தைக் கைவிட்டார்.

அந்த ஊர் அணிக்கு ஒரு பழக்கம் உண்டு. சொந்த மைதானத்தில் முதல் பாதியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான் கோல் போட ஓடுவார்கள், ராசியாம். அது கழுகுக்குத் தெரியும். நேரே அவர்கள் அறைக்குப் போய், "உங்க இடதுபக்க ஆட்டக்காரன் யாரு?" என்று கேட்டாள். தலை துவட்டிக்கொண்டிருந்த வெண்ணெயைக் காட்டினார்கள்.

ஊர் திரும்பியதும் சொன்னாள்: "யாரை வேணும்னாலும் கொடுங்க. அவனை வாங்குங்க."

யாரை வேண்டுமானாலும் என்றால் யாரை? எதிரணி கேட்டது, நிதானம் என்று எல்லாரும் கூப்பிடுகிறவரை. நடுக்களத்தில் நின்று, வந்த பந்தைப் பக்கத்தில் இருப்பவனுக்குத் தள்ளிவிட்டு, மறுபடியும் அதே இடத்தில் நிற்கிற, முடி நரைக்கத் தொடங்கிய நிதானத்தை. அவர் கழுகின் அக்கா கணவர்.

"நியாயமான மாற்றுதான்" என்று முகம் மாறாமல் சொல்லிவிட்டாள். சொந்தக்காரர் என்று பார்க்கவில்லையே, இவளல்லவா தேர்வாளர் என்று எல்லாரும் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். அக்கா மட்டும் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

அணியின் அலுவலகம் மெத்தைக் கடையின் மேல்மாடி. தலைவர் கடைக்காரரேதான். வாங்க வருகிறவர்களுக்குப் படுத்துக் காட்டிப் படுத்துக் காட்டி, எந்த விஷயமானாலும் படுத்துக்கொண்டு பேசுவதே அவருக்குச் சௌகரியமாகிவிட்டது. மற்றவர்களும் ஆளுக்கொரு மெத்தையில். இலவம் பஞ்சுத் துகள் ஜன்னல் வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. கழுகு மூச்சு வாங்க உள்ளே வந்தபோது சூடான விவாதம் ஒன்று கொட்டாவிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தது.

"கிழட்டுக் காலைக் கொடுத்து இளங்காலை வாங்கியிருக்கோம். இதுல என்னய்யா யோசனை?" என்றார் கமிட்டி உறுப்பினரான முடிதிருத்துபவர்.

கோச் ஒருக்களித்துப் படுத்தார். "நிதானம் ஒரு பாஸைத் தப்பாக் கொடுத்து நான் பாத்ததில்ல. போட்ட இடத்தை விட்டு நகர்ந்தும் பாத்ததில்ல."

"கொடுக்கிறதெல்லாம் பக்கத்துல நிக்கிறவனுக்கு. அதை நான் கத்தரிக்கோலைக் கையில வச்சுக்கிட்டே கொடுப்பேன்."

தலைவர் கண்ணைத் திறக்காமல் கேட்டார்: "கழுகு வந்தாச்சா? சொல்லும்மா. ரெண்டு அணிக்கும் பேச்சு என்ன? நம்ம ஆள் ரயில் ஏறிட்டா ஏறினதுதான். அதுக்கு முன்னாடி வாபஸ் வாங்கலாம். ரயில் சாயங்காலம். மாத்தினது நியாயமா, இல்லையா?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

இல்லை என்றால், அக்கா புருஷனுக்காகப் புரட்டிப் பேசுகிறாள் என்பார்கள். கழுகு என்ற பெயரும் போச்சு, வேலையும் போச்சு. ஆமாம் என்றால், தையல் கடையை விட்டு நகர முடியாத அக்கா இங்கே, அத்தான் ஏதோ ஓர் ஊரின் வாடகை அறையில். அதுகூடப் பரவாயில்லை, அந்த ஓட்டம் கிடைத்திருந்தால். கிடைத்ததா? பனியில் பார்த்தது இந்தப் பையனைத்தானா, இல்லை பனியையேதானா?

"கொஞ்சம் நேரம் கொடுங்க தலைவரே. போன்ல சொல்றேன்."

"ரயிலுக்கு முன்னாடி சொல்லு. நான் முழிச்சுக்கிட்டே இருக்கேன்" என்றார் தலைவர். சொல்லும்போதே குறட்டை எட்டிப் பார்த்தது.

ஸ்டேஷனை அடைந்தபோது வாய்க்காலிலிருந்து பனி ஏறத் தொடங்கியிருந்தது. நடைமேடை விளக்குகள் ஒவ்வொன்றும் பஞ்சு சுற்றிக்கொண்டு நின்றன. கடைசி பெஞ்சில் அத்தான், காலுக்கிடையில் துணிப்பை. பக்கத்தில் அக்கா, கழுத்தில் கழற்ற மறந்த அளவு நாடா.

அக்கா தங்கையைப் பார்க்கவில்லை. கணவரிடம் சொன்னாள்: "ஏங்க, வந்திருக்கிறவங்களைக் கேளுங்க. ஏத்தி விட வந்தாங்களா, இல்ல போயாச்சான்னு சரிபார்க்க வந்தாங்களா?"

அத்தான் நிதானமாகத் திரும்பினார். "கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு அத்தான்."

"கேட்டுச்சாம்" என்று அக்காவிடம் சொன்னார். பிறகு கழுகைப் பார்த்து, கொஞ்சமும் மனத்தாங்கல் இல்லாமல், "பையன் எப்படி? என்னைக் கொடுத்ததுக்கு ஈடா இருக்கானா?" என்றார்.

அதுதான் அவளைக் குத்தியது. ரயில் வந்து நின்றது. அவர் ஏறி, பையை மேலே வைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் அவருடைய வேகத்தில்.

"நல்லா ஓடறான் அத்தான். ஆனா அந்தப் பனி ஆட்டத்துல ஓடின மாதிரி ஓடல."

"பனியிலயா? எப்ப?"

"முதல் பாதியில. தொட்டிப் பக்கம் ஏறி வந்தானே."

அவர் யோசித்தார். கார்டு பச்சைக் கொடியைப் பிரித்தார்.

"முதல் பாதியிலயா? அப்பெல்லாம் பனி லேசாத்தானே இருந்துச்சு. நீ எப்ப வந்தே?"

"தாமதமாத்தான். ஆனா இடைவேளைக்கு முன்னாடி வந்துட்டேன். வாசல்ல கேட்டுட்டுத்தான் உள்ளே போனேன். இன்னும் இடைவேளை விடலைன்னாரு."

"இடைவேளையே விடலையேம்மா" என்றார் நிதானம். "பனி கூடுறதுக்குள்ள முடிச்சிடுவோம்னு ரெஃபரி நிக்கக்கூட விடல. அப்படியே பக்கம் மாறி விளையாடினோம்."

ரயில் ஊதியது.

கழுகின் தலைக்குள் மைதானம் மெதுவாக, ஒரு பெரிய தட்டைத் திருப்பி வைப்பதுபோல, அரைச்சுற்றுச் சுற்றியது. பக்கம் மாறியாச்சு. அவள் பார்த்தது இரண்டாம் பாதி. அப்படியானால் தொட்டிப் பக்கம் ஓடியது...

"அத்தான்! பக்கம் மாறினப்புறம் தொட்டிப் பக்கம் ஓடினது யாரு?"

"நாமதான்."

பெட்டி நகர்ந்தது. அவள் வாசலில் பாய்ந்து ஏறினாள், பையைப் பிடுங்கினாள், அவர் கையைப் பிடித்தாள். "இறங்குங்க!"

"எதுக்கும்மா?"

"இறங்குங்க அத்தான், அப்புறம் கேளுங்க!"

வாழ்க்கையில் முதல்முறையாக நிதானம் அவசரமாக எதையோ செய்தார். மூவரும், ஒரு பையும், நடைமேடையில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். சிவப்பு விளக்கு பனிக்குள் போய் அணைந்தது.

"ஏய், என்னடி இது, பைத்தியமா உனக்கு?" என்றாள் அக்கா. நேராக, முகத்தைப் பார்த்து. எத்தனையோ நாள் கழித்து.

கழுகுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது. போனை எடுத்தாள். மறுமுனையில் மெத்தை ஒன்று கிறீச்சிட்டது.

"ம்ம்... நியாயமா, இல்லையா?"

"இல்ல தலைவரே. அத்தானை இறக்கிட்டேன். பையன் ஊருக்குப் போகட்டும், அவங்கம்மா படுக்கையைச் சுருட்டறதுக்குள்ள. நான் பார்த்த தப்பு இது. கழுகை நீங்க நாளைக்கே வேலையை விட்டுத் தூக்கினாலும் சரி. அந்த ஓட்டம் அவனோடது இல்ல. நம்ம ஆள் ஒருத்தரோடது."

தலைவர் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. "நம்மகிட்ட அப்படி ஒருத்தனா? யாரும்மா அது?"

"இருங்க, கேட்டுச் சொல்றேன்." போனை நெஞ்சில் பொத்திக்கொண்டாள். "அத்தான், அன்னிக்கு நம்ம இடது கோட்டோரம் ஓடினது யாரு? மூணு பேரைத் தாண்டி, குதிகாலால உள்ளே இழுத்து, கம்பத்துல அடிச்சது?"

நிதானம் நடைமேடையின் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். பனி தவிர யாரும் இல்லை. அப்படியும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கோச்சுகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சு, என் இடத்தை விட்டு ஓடிட்டேன்."