சாம்பல் கட்டம்

தொழிற்சாலையின் மாத இதழைப் பன்னிரண்டு வருடமாக வடிவமைத்தவனுக்கு அங்கே வைத்த பெயர் அம்பு. பக்கத்துக்குப் பக்கம் அம்புக்குறி போட்டு, படிக்கிறவன் கண்ணைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போவான். சிவப்புக் கோடு போட்டிருந்தால் கட்டாயம் படிக்க வேண்டியது. நீலப் பட்டை விளையாட்டுச் செய்தி. சாம்பல் கட்டம் விளம்பரம். "சாம்பல்ல இருக்கிறதத் தாண்டிப் போங்க, ஒண்ணும் குறைஞ்சு போகாது" என்று உணவுக்கூடத்தில் அவனே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறான்.

அவனுடைய அக்காவுக்கு அங்கேயே பொதி கட்டும் பிரிவில் இருபத்தாறு வருடம். மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை; வேலையை விடப்போகிறாள். ஆறு வரி எழுதிக்கொண்டு வந்தாள். சனிக்கிழமை நான்கு மணிக்கு உணவுக்கூடத்தில் இருப்பேன், போவதற்குமுன் எல்லோரையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று.

"நேர்ல சொல்லிடேன் அக்கா."

"வாயால கூப்பிட்டா கட்டாயப்படுத்தின மாதிரி ஆயிடும்டா. பேப்பர்ல போடு. மனசு இருக்கிறவங்க வரட்டும்."

முதல் பக்கத்தில் சிவப்புக் கோட்டுக்குக் கீழேதான் வைத்தான். பிறகு, எதிலும் குறை கண்டுபிடிக்கும் கிடங்குக்காரரின் வாய் நினைவுக்கு வந்தது. 'அக்கான்னா முதல் பக்கம், நாங்கன்னா மூலையா?' என்று கேட்டாலும் கேட்பார். ஆறாம் பக்கத்தில் கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் விலகி, சாம்பல் கட்டம் காலியாக இருந்தது. அளவெடுத்துத் தைத்ததுபோல் ஆறு வரியும் அதில் உட்கார்ந்துகொண்டன.

அச்சுக்குப் போகுமுன் அக்காவிடம் காட்டினான். அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். விரல் சிவப்புக் கோட்டில் ஓடியது, அம்பைத் தொட்டது, ஆறாம் பக்கத்தில் கட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஏழாம் பக்கத்துக்குப் போய்விட்டது.

"என்னோடது எங்கடா?"

அவன் சிரித்தான். கட்டத்தைத் தட்டிக் காட்டினான். "அழகா இருக்கு" என்றாள் அவள்.

சனிக்கிழமை நாற்பது நாற்காலி போட்டிருந்தாள். ஐந்து மணிவரை அக்காவும் தம்பியும்தான். பிறகு இருவருமாக நாற்காலிகளை அடுக்கினார்கள்.

திங்கட்கிழமை கிடங்குக்காரர் வழிமறித்தார். "அம்பு, உங்க அக்கா வேலைய விட்டுப் போயிட்டாங்களாமே! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? எம்பொண்ணு கல்யாணத்துக்கு ராவும் பகலும் நின்னவங்கப்பா."

"ஆறாம் பக்கத்துல போட்டிருந்தேனே."

"அந்தச் சாம்பலா? அத யாரு படிப்பா? நீதானே சொன்ன!"

அன்று மாலை வேலை முடிந்ததும் நேராக அக்கா வீட்டுக்குப் போனான். எல்லாவற்றையும் கொட்டினான்.

"போகுது விடுடா. என்னைத் தேத்துறதுக்காக உன் தலைல போட்டுக்காத. வரணும்னு இருந்தா வந்திருப்பாங்க."

"இல்லக்கா. நீயே தாண்டிப் போனியே! உன் விரலே நிக்கலையே!"

மடியில் கிடந்த கையின் மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் கண்ணாடி போடலடா" என்றாள்.

போட்டிருந்தாள். புடவைத் தலைப்பால் அதை இரண்டு முறை துடைத்ததுகூட அவனுக்கு நினைவிருந்தது.